கிரீன்லாந்துக் கல்லும் பிள்ளைகளின் பல்லும்

கிரையோலைட் என்று ஒரு கல் உண்டு. வெள்ளையாக, ஒளி மங்கலாக ஊடுருவும்படி இருக்கும். அதைப் பொடித்து ஒரு குவளைத் தண்ணீரில் போட்டால் பொடி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். கரைந்துவிட்டது என்று நினைப்போம், கரையவில்லை. தண்ணீர் ஒளியை எவ்வளவு வளைக்கிறதோ, ஏறக்குறைய அவ்வளவே இந்தக் கல்லும் வளைக்கிறது. அதனால் எது நீர், எது கல் என்று கண்ணால் பிரிக்க முடிவதில்லை. குவளையின் அடியில் பொடி அப்படியே கிடக்கும். அதன் எடையில் நூற்றுக்கு 54 பங்கு ஃபுளோரின்.

இன்று நாம் பல் தேய்க்கும் பற்பசையில் உள்ள ஃபுளோரைடு இந்தக் கல்லிலிருந்து எடுக்கப்படுவதில்லை. அதற்கு ஃபுளோர்ஸ்பார் என்ற வேறு கனிமம் இருக்கிறது. ஆனால் ஃபுளோரைடு மனித உடம்புக்குள் போனால் என்ன செய்யும், எவ்வளவு போனால் செய்யும் என்பதை மருத்துவ உலகம் முதன்முதலில் ஒழுங்காகப் படித்தது இந்தக் கல்லை உடைத்தவர்களின் எலும்பில்தான். அவர்கள் வேலை பார்த்த இடம் டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகன்.

கல் பிறந்த ஊர் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில், ஆர்சுக் கடற்கழியின் ஓரத்தில் உள்ள இவிட்டூட். வெட்டி விற்கும் அளவுக்கு கிரையோலைட் கிடைத்த இடம் உலகத்திலேயே அது ஒன்றுதான். அங்குள்ள இனுவிட் மக்கள் தோல் கழுவவும் மூக்குப்பொடியில் கலக்கவும் அதைப் பயன்படுத்தி வந்தார்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அது கோபன்ஹேகனுக்கு வந்தது. பேதர் கிறிஸ்டியன் அபில்கோர் என்ற டேனிய மருத்துவர் 1799-இல் அதைப் பற்றி எழுதினார். அரை நூற்றாண்டு அது அருங்காட்சியக அலமாரியில் இருக்க வேண்டிய பொருளாகவே இருந்தது. பிறகு யூலியுஸ் தோம்சன் என்ற வேதியியலாளர் அதிலிருந்து சோடா எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். சோப்புக்கும் கண்ணாடிக்கும் சலவைக்கும் சோடா வேண்டியிருந்த காலம் அது. 1850-களின் முடிவுக்குள் கோபன்ஹேகனில் ஆலை எழும்பியது, கிரீன்லாந்திலிருந்து கப்பல்கள் வரத் தொடங்கின.

1865-இலிருந்து பெரும்பங்கு அமெரிக்காவுக்கும் போயிற்று. பென்சில்வேனியாவில் நட்ரோனா என்ற ஊரில் அதைச் சோடாவாக்கினார்கள். 1886-இல் கல்லின் விதி மாறியது. அலுமினியத் தாதுவை உருகிய கிரையோலைட்டில் கரைத்து மின்சாரம் பாய்ச்சினால் அலுமினியம் பிரியும் என்று அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும் தனித்தனியே கண்டார்கள். நம் சமையலறை அலுமினியப் பாத்திரம்வரை வந்து சேர்ந்த தொழில் அது. இரண்டாம் உலகப் போரில் விமானம் கட்ட அலுமினியம் தேவைப்பட்டபோது, இவிட்டூட் சுரங்கத்துக்கு அமெரிக்கா காவல் போட்டது. 1987-இல் சுரங்கம் மூடப்பட்டது. எடுப்பதற்கு எதுவும் மிஞ்சவில்லை. கல்லின் வணிகக் கதை இவ்வளவுதான். அதைத் தொட்டவர்களின் கதைதான் நீளமானது.

கோபன்ஹேகன் ஆலைக்கு வந்திறங்கும் கல் சுத்தமாக இருக்காது. இரும்புத் தாதுவும் ஈயத் தாதுவும் குவார்ட்சும் கலந்திருக்கும். அதை உடைத்து, சலித்து, கையால் பொறுக்கிப் பிரிக்க வேண்டும். பொறுக்கும் வேலை பெண்களுடையது. அரைக்கும் இடத்தில் வெள்ளைத் தூசி பறந்துகொண்டே இருக்கும். மூச்சோடு கொஞ்சம் உள்ளே போகும். எச்சிலோடு அதைவிட அதிகம் வயிற்றுக்குப் போகும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் குமட்டல் வரும், பசி போகும், வாந்தி எடுப்பார்கள். சில வாரங்களில் பழகிவிடும் என்று பழையவர்கள் சொல்லியிருப்பார்கள். பழகிய பிறகு, ஆண்டுகள் கழித்து, முதுகு விறைக்கும்.

1930-களின் தொடக்கத்தில் ஃபிளெம்மிங் மோலர், குட்யோன்சன் என்ற இரண்டு மருத்துவர்கள் இந்தத் தொழிலாளர்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் தேடிப் போனது வேறு. தூசியில் வேலை பார்ப்பவர்களுக்கு வரும் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் இருக்கிறதா என்று பார்க்கத்தான் மார்பைப் படம் எடுத்தார்கள். படத்தில் நுரையீரலைவிட விலா எலும்புகள் கண்ணில் பட்டன. இயல்பாகத் தெரிய வேண்டிய நுண்ணிய வலைப்பின்னல் மறைந்து, எலும்பு முழுவதும் ஒரே வெள்ளையாக அடர்ந்திருந்தது. முதுகெலும்பையும் இடுப்பெலும்பையும் எடுத்துப் பார்த்தால் அங்கும் அப்படியே; எலும்பை எலும்போடு கட்டும் தசைநார்கள்கூடச் சுண்ணாம்பேறிக் கல்லாகியிருந்தன. 1932-இல் இதை எழுதி வெளியிட்டார்கள். எலும்பு ஃபுளோரோசிஸ் என்று இன்று நாம் அறியும் நோயின் முதல் தெளிவான விவரிப்பு அது.

அந்த இழையைப் பிடித்துக்கொண்டு போனவர் காய் ரோஹோம். கோபன்ஹேகன் நகர சுகாதாரத் துறை மருத்துவர், முப்பதைத் தாண்டியிருந்தார். ஆலைத் தொழிலாளர்கள் 68 பேரை ஒவ்வொருவராகப் பரிசோதித்தார். ஐந்தில் நான்கு பேருக்கு மேல் எலும்பு மாறியிருந்தது. எத்தனை ஆண்டு வேலை, எந்தப் பிரிவில், எவ்வளவு தூசி என்று ஒவ்வொருவருக்கும் எழுதினார். விலங்குகளுக்கு ஃபுளோரைடு கொடுத்துப் பார்த்தார். ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்து சாம்பல் விழுந்த புல்லை மேய்ந்த ஆடுகளின் பற்கள் கெட்டுப்போன பழைய குறிப்புகளைத் தேடிப் படித்தார்; ஹெக்லா எரிமலை 1845-இல் வெடித்தபோது எழுதப்பட்டவையும் அவற்றில் இருந்தன. எல்லாவற்றையும் சேர்த்து 1937-இல் ‘ஃபுளோரின் நச்சு’ பற்றி அவர் வெளியிட்ட பெரிய புத்தகம், இத்துறையில் இன்றும் பெயர் சொல்லி எடுத்தாளப்படுகிறது. நாளொன்றுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல், பத்து இருபது ஆண்டுகள் தொடர்ந்து உடம்புக்குள் போனால் எலும்பு முடமாகும் என்று பின்னால் பாடநூல்களில் ஏறிய கணக்கு, அவர் சேர்த்த விவரங்களிலிருந்து பிறந்தது.

அந்தப் புத்தகத்தில் என்னை மிகவும் நிறுத்தி வைப்பது தொழிலாளர்களின் எலும்பு அல்ல. அவர்களுடைய பிள்ளைகளின் பல். வயது வந்தபின் ஆலைக்கு வந்தவர்களின் பற்களில் கறை இல்லை. எனாமல் என்பது பல் ஈறுக்குள் இருக்கும்போதே உருவாகி முடிந்துவிடுவது. முளைத்த பிறகு உள்ளேயிருந்து அதை மாற்ற முடியாது. ஆனால் ஆலையில் வேலை பார்த்த சில பெண்களின் குழந்தைகளுக்கு, நிலைத்த பற்கள் புள்ளியும் கறையுமாக முளைத்திருந்தன. தாய்ப்பால் வழியாகப் போயிருக்கும் என்று ரோஹோம் கருதினார். தாயின் உடையிலும் கூந்தலிலும் ஒட்டி வீட்டுக்கு வந்த தூசியும் காரணமாக இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் தாய்ப்பாலில் ஃபுளோரைடு குறைவாகவே இறங்கும் என்று இப்போது தெரியும். எந்த வழியானாலும், ஆலைக்குள் காலே வைக்காத ஒரு குழந்தையின் பல்லில் ஆலையின் கணக்கு எழுதப்பட்டிருந்தது. பெண்களையும் சிறுவர்களையும் அந்த வேலைக்கு எடுக்கக் கூடாது என்று அவர் எழுதினார். நல்ல பல்லுக்கு ஃபுளோரின் தேவை என்ற எண்ணத்துக்கு ஆதாரம் போதாது என்றும், குழந்தைகளுக்கு மருந்தாக அதைக் கொடுக்கக் கூடாது என்றும் எழுதினார்.

அதே 1937-இல் சென்னையிலிருந்து ஓர் ஆய்வறிக்கை வந்தது. ஷார்ட், மக்ராபர்ட், பர்னார்ட், நாயர் என்ற நால்வர் எழுதியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளியான அதன் பொருள், மதராஸ் மாகாணத்தில் பரவியிருந்த ஃபுளோரோசிஸ். கோபன்ஹேகனில் எக்ஸ்ரேயில் தெரிந்த அதே வெள்ளையடித்த எலும்பு, அதே விறைத்த முதுகு. இங்கே ஆலையும் இல்லை, தூசியும் இல்லை. நெல்லூர் மாவட்டத்துக் கிராமங்களின் கிணற்றுத் தண்ணீர் இருந்தது. ஷார்ட் கிண்டி கிங் நிலையத்தின் இயக்குநர். பர்னார்டின் பெயரைத் தாங்கிய கதிரியக்க நிலையம் சென்னை பொது மருத்துவமனையில் அதற்கு மூன்றாண்டு முன்புதான் திறக்கப்பட்டிருந்தது. கிங் நிலையத்தின் சி. ஜி. பண்டிட் குழு 1940-இல் இதைத் தொடர்ந்து எழுதியது. ஆக, தண்ணீரில் உள்ள ஃபுளோரைடு நம் மக்களின் எலும்பை முடக்குகிறது என்பது ரோஹோமின் புத்தகம் வந்த அதே ஆண்டில் சென்னையிலும் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு எத்தனை தலைமுறை அந்தத் தண்ணீரையே குடித்தது என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

அமெரிக்கக் கதையை நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். கொலராடோ மலையூர்களில் பற்களில் பழுப்புக் கறை. ஆனால் அந்தப் பற்களில் சொத்தை குறைவு. கறைக்குக் காரணம் தண்ணீரில் உள்ள ஃபுளோரைடு என்று 1931-இல் கண்டவர்களில் ஒருவர் சர்ச்சில், அல்கோவா அலுமினியக் கம்பெனியின் வேதியியலாளர். கிரீன்லாந்துக் கல் போய் இறங்கிய நட்ரோனாவுக்குச் சில மைல் தள்ளித்தான் அவருடைய ஆய்வகம். ட்ரென்ட்லி டீன் என்ற ஆய்வாளர் ஊர் ஊராகப் பல் எண்ணி, லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவில் சொத்தை குறைகிறது, கறையும் பெரிதாக விழவில்லை என்றார். 1945 ஜனவரியில் கிராண்ட் ராபிட்ஸ் நகரத்துக் குடிநீரில் ஃபுளோரைடு சேர்க்கப்பட்டது. 1950-களின் நடுவில் ஃபுளோரைடு பற்பசை கடைக்கு வந்தது.

இனி கதை டென்மார்க்குக்குத் திரும்புகிறது. டேனியப் பிள்ளைகளின் பற்கள் அன்று மோசமாக இருந்தன. 1970-களில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குச் சராசரியாக ஐந்தாறு பற்களாவது சொத்தையாகவோ அடைத்தோ பிடுங்கியோ இருக்கும். தண்ணீரில் ஃபுளோரைடு சேர்ப்பதா என்ற விவாதம் அங்கேயும் நடந்தது. 1977-இல் வேண்டாம் என்று அரசு முடிவு செய்தது, இன்றுவரை சேர்ப்பதில்லை. அந்த முடிவுக்கு ரோஹோமின் புத்தகம்தான் காரணம் என்று சொல்வது மிகையாகும். நீண்டகால விளைவுகளைப் பற்றியும் சுற்றுச்சூழலைப் பற்றியும் தயக்கங்கள் இருந்தன. ஆனால் வேண்டாம் என்று சொன்னதோடு அவர்கள் நிறுத்தவில்லை. அதற்கு முன்பே, 1971-இல், பிள்ளைகளின் பல் மருத்துவத்துக்கென ஒரு சட்டம் இயற்றியிருந்தார்கள். உள்ளாட்சிகள் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பல் பார்க்க வேண்டும். அடுத்த ஆண்டிலிருந்து ஒவ்வொரு பிள்ளையின் பல்லும் பதிவேட்டில் ஏறத் தொடங்கியது. எந்தப் பல், அதன் எந்தப் பக்கம், சொத்தையா, அடைத்ததா என்ற விவரம் ஊர் ஊராக மத்தியப் பதிவகத்துக்கு வந்தது.

பள்ளிகளில் இன்னொரு பழக்கமும் இருந்தது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை வகுப்புக்குச் சிறு கோப்பைகள் வரும். அதில் சோடியம் ஃபுளோரைடு கலந்த தண்ணீர். பிள்ளைகள் வாயில் ஊற்றி, கன்னத்தை உப்பிக் கொப்பளித்து, கடிகாரம் பார்த்துத் துப்ப வேண்டும். விழுங்கக் கூடாது. இன்று அறுபதைத் தொடும் டேனியர்களுக்கு அந்தச் சுவை நினைவிருக்கும்.

விழுங்குவது, துப்புவது என்ற இந்த வேறுபாட்டை விஞ்ஞானமாக நிறுவியவர்களில் டேனியர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். ஃபுளோரைடை விழுங்கினால் அது வளரும் எனாமலுக்குள் போய் உட்கார்ந்து பல்லை உறுதியாக்கும் என்றுதான் 1950-களில் நம்பினார்கள். அதனால்தான் பல நாடுகளில் குழந்தைகளுக்கு மாத்திரைகூடக் கொடுத்தார்கள். ஆர்ஹஸ் பல் மருத்துவக் கல்லூரியில் இருந்த ஓலெ ஃபயர்ஸ்கோவும் அன்டர்ஸ் தில்ஸ்ட்ரப்பும் கறை படிந்த பற்களை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தவர்கள். ஃபுளோரோசிஸ் எந்தப் படியில் எப்படித் தெரியும் என்று 1978-இல் அவர்கள் வகுத்த அளவுகோலை இன்றும் உலகமெங்கும் பயன்படுத்துகிறார்கள். 1981-இல் ஃபயர்ஸ்கோவ் குழு வெளியிட்ட கட்டுரை பழைய நம்பிக்கையைத் தலைகீழாக்கியது. சொத்தையைத் தடுப்பது எனாமலுக்குள் பூட்டப்பட்ட ஃபுளோரைடு அல்ல. வாயில், எச்சிலில், பல்லின் மேல் படியும் படிவத்தில் மிகக் குறைந்த அளவில் எப்போதும் இருக்கும் ஃபுளோரைடுதான்.

நடப்பது இதுதான். இனிப்பு சாப்பிடும்போது பல்மேல் படிந்த கிருமிகள் அதை அமிலமாக்குகின்றன. அமிலம் எனாமலின் சுண்ணாம்பைக் கரைக்கிறது. சற்று நேரத்தில் எச்சில் அமிலத்தைத் தணித்து, கரைந்த தாதுவைத் திரும்பக் கொண்டுவந்து வைக்கிறது. ஒரு நாளில் பலமுறை இந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்கும். வாயில் துளி ஃபுளோரைடு இருந்தால் கரைவது குறைந்து, திரும்பி வருவது விரையும். 1988-இல் நார்வே ஆய்வாளர்கள் சுறாவின் பல்லை எடுத்தார்கள். சுறாவின் எனாமல் பெரும்பாலும் ஃபுளோரைடு சேர்ந்த தாதுவால் ஆனது. பழைய கொள்கைப்படி அதில் சொத்தையே விழக்கூடாது. அதன் துண்டுகளை மனித வாயில் பொருத்திப் படிவம் படிய விட்டார்கள். சுறாப் பல்லும் கரைந்தது.

ஆக, பல்லுக்கு வேண்டியது வாயில் இருந்தால் போதும். விழுங்குவது எலும்புக்கும், இன்னும் முளைக்காத பல்லுக்கும் போகிறது. ரோஹோம் வயிற்றுக்குள் போனதைக் கண்டார், அமெரிக்கர்கள் ஊர் முழுவதின் பல்லைக் கண்டார்கள். இரண்டும் எப்படி ஒரே பொருளின் வேலையாக இருக்க முடியும் என்பதற்கான விடை ஏறக்குறைய ஐம்பதாண்டு கழித்து, அந்த ஆலை நின்ற நாட்டிலிருந்தே வந்தது.

பால்டிக் கடலில் போர்ன்ஹோம் என்ற தீவு டென்மார்க்குக்குச் சொந்தம். அதில் நெக்ஸோ என்ற சிறிய ஊரின் பள்ளிப் பல் மருத்துவமனையில் 1987-இல் ஒரு திட்டம் தொடங்கியது. ஆறு வயதில் முளைக்கும் முதல் கடைவாய்ப் பல் முழுதாக மேலெழுந்து எதிர்ப்பல்லோடு கடிபட ஓராண்டுக்கு மேல் ஆகும். அதுவரை அது பக்கத்துப் பல்லைவிடத் தாழ்வாகவே நிற்கும். பிள்ளை வழக்கம்போல முன்னும் பின்னும் பிரஷ்ஷை ஓட்டினால் தூரிகை அதன் தலைக்குமேல் கடந்துபோய்விடும்; பல்லின் குழிகளில் படிவம் அப்படியே தங்கும். சொத்தை அங்கேதான் தொடங்குகிறது. நெக்ஸோவில் பெற்றோரைக் கூப்பிட்டு, அந்தப் பல்லுக்கு மட்டும் பிரஷ்ஷைக் கன்னத்துப் பக்கமிருந்து குறுக்கே விட்டுத் தேய்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். படிவத்துக்குச் சாயம் பூசி எங்கே அழுக்கு என்று காட்டினார்கள். தேவைப்பட்ட பிள்ளைக்கு மட்டும் ஃபுளோரைடு தடவினார்கள், அடிக்கடி வரச் சொன்னார்கள். துளையிடும் கருவி பெரும்பாலும் சும்மா இருந்தது. பதினெட்டு வயதில் அந்த ஊர்ப் பிள்ளைகளின் பற்கள் நாட்டிலேயே மிகக் குறைந்த சொத்தை உள்ள பற்களில் இருந்தன. கிம் எக்ஸ்ட்ரண்ட் அதை ஆராய்ந்து 2005-இல் எழுதினார். பணக்கார நாட்டின் கதை என்று இதை ஒதுக்கத் தோன்றும். குறுக்கே பிரஷ் விடுவதற்குப் பணம் வேண்டாம். சொல்லித்தர ஒருவர் பொறுமையாக உட்கார வேண்டும்.

ஃபுளோரைடைத் தண்ணீரில் சேர்க்காவிட்டாலும் டென்மார்க்கின் நிலத்தடி நீரில் அது இயற்கையாகவே இருக்கிறது, ஊருக்கு ஊர் வேறு அளவில். நீர் வழங்கும் ஊர்களின் அளவுப் பதிவும், பிள்ளைகளின் பல் பதிவும், யார் எங்கே வாழ்ந்தார் என்ற மக்கள் பதிவும் அங்கே மூன்றும் உண்டு. 2010-இல் கிர்கெஸ்கோவ் குழு அந்த மூன்றையும் இணைத்துப் பார்த்தது. லிட்டருக்கு 0.125 மில்லிகிராமைத் தாண்டும்போதே சொத்தை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. ஒரு மில்லிகிராமுக்கு மேல் உள்ள இடங்களில் பாதியாக இருந்தது. எல்லாருக்கும் பற்பசையும் இலவசப் பல் மருத்துவமும் உள்ள நாட்டிலும் தண்ணீரின் கை பல்லில் தெரிந்தது. ஆலைத் தொழிலாளர்களையும் டேனிய ஆய்வாளர்கள் மறக்கவில்லை. 1924-க்கும் 1961-க்கும் இடையே கிரையோலைட் ஆலையில் வேலை பார்த்த ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களை ஃபிலிப் கிராண்ஷான் குழு பல பத்தாண்டுகள் தொடர்ந்து, அவர்களுக்கு வந்த நோய்களையும் சாவுகளையும் கணக்கெடுத்தது. வேலையை விட்டுப் பல ஆண்டுகள் ஆனபின் சிலருடைய எலும்பின் வெண்மை மெல்ல வடிந்தது என்றும் அவர்கள்தான் காட்டினார்கள். ஃபுளோரைடு உள்ளே போவதை நிறுத்தினால் எலும்பு ஓரளவாவது மீளும் என்று தெரிந்தது.

நிறுத்துவதுதான் நம் ஊரில் கடினமாக இருந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பாறைக்குள் ஊறும் நீரில் ஃபுளோரைடு கூடுதல். திறந்த கிணறு வற்றி ஆழ்குழாய்க் கிணறு வந்த பிறகு குடிநீர் அந்தப் பாறையின் நீராகவே ஆயிற்று. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்வரை ஏற்கலாம், வேறு நீரே இல்லையென்றால் ஒன்றரைவரை பொறுக்கலாம் என்கிறது இந்தியத் தரக் கட்டளை; பல கிராமங்களில் அதைத் தாண்டியது. பல்லில் காவி ஏறிய பிள்ளைகள், வாயை மூடிச் சிரிக்கும் பெண்கள், குனிய முடியாத முதியவர்கள். எத்தனை முறை தேய்த்தாலும் அந்தக் கறை போகாது. பல் முளைக்குமுன் விழுந்தது அது. 2008-இல் அடிக்கல் நாட்டி 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பானியக் கடனுதவியில் காவிரி நீரை அந்த இரண்டு மாவட்டங்களுக்கும் கொண்டுவந்தது. ஃபுளோரோசிஸ் தணிப்பு என்பது திட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது. காவிரி நீர் வந்த வீட்டிலும் குழாய் வராத நாளில் ஆழ்குழாய்த் தண்ணீரே சோற்றுக்கும் குடத்துக்கும் போகிறது என்றால் பயன் பாதிதான்.

இதே தமிழ்நாட்டில் ஃபுளோரைடு குறைந்த நீர் குடித்து, பொட்டலத் தின்பண்டமும் மிட்டாயும் தின்று, கடைவாய்ப் பல் கரைந்துபோகும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது. ஃபுளோரைடு நல்லதா கெட்டதா என்று பொதுவாக மேடை போட்டு வாதாடுவதில் எனக்கு அக்கறை இல்லை; இந்த ஊரின் நீரில் எவ்வளவு, இந்தப் பிள்ளையின் பல்லில் என்ன என்று கேட்பதில்தான் பயன். ஃபுளோரைடு பற்பசையைப் பொறுத்தவரை விதி எளிது. மூன்று வயதுக்குள் அரிசி மணியளவு, ஆறு வயதுவரை பட்டாணியளவு, தேய்த்ததும் துப்ப வேண்டும், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். நீரில் ஃபுளோரைடு மிகுந்த ஊரில் முதலில் நீரை மாற்ற வேண்டும்.

நீரில் எவ்வளவு, பல்லில் என்ன என்ற கேள்விக்கான விடையின் இரண்டு பாதிகளும் நம்மிடமே இருக்கின்றன. குடிநீர் வடிகால் வாரியம் கிணறுகளின் நீரைச் சோதித்து எழுதி வைக்கிறது. பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் போகும் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு, பிள்ளைகளின் வாயையும் திறந்து பார்க்கிறது. ஒன்று நீர்த் துறையின் கணினியில், மற்றொன்று சுகாதாரத் துறையின் கணினியில். பென்னாகரத்திலோ பாலக்கோட்டிலோ ஒரே ஒரு ஒன்றியத்தில் இந்த இரண்டு பதிவேடுகளையும் ஊர்வாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தில்ஸ்ட்ரப்–ஃபயர்ஸ்கோவ் அளவுகோலில் கறையையும் கூடவே சொத்தையையும் எண்ணி, காவிரி நீர் வந்தபின் பிறந்த பிள்ளைகளை அதற்கு முன் பிறந்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2013-இல் பிறந்த குழந்தைகளுக்கு முன்பற்களும் முதல் கடைவாய்ப் பற்களும் முளைத்து முடிந்துவிட்டன. அவர்கள் வாயைத் திறந்தால் திட்டம் எந்தத் தெருவரை போய்ச் சேர்ந்தது என்று படிக்கலாம்.